ஈமத்தாழியும் புதையற் கதையும்

“புதையல்” என்ற சொல்லைக் கேட்டதும் செவி சாய்க்காதவர் யாருளர்? ஏழு குடம் பொன்னும், அதனைச் சுற்றிக் கிடக்கும் நாகமும், அமாவாசை இரவிலே தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்கும் பூதமும் வாராத பாட்டி கதை நம் நாட்டில் அரிது. அக்கதைகளிற் சில பாழடைந்த கோயில்களைப் பற்றியவை. சில தூர்ந்துபோன குளங்களைப் பற்றியவை. வேறு பல பழைய இடுகாடுகளைப் பற்றியவை. இறந்தவரோடு செல்வமும் உறங்குகின்றது என்ற எண்ணம் மனிதனை அச்சுறுத்துகின்றது. அதே வேளையில் அவன் கையிலே மண்வெட்டியையும் கொடுக்கின்றது. மாத்தளை மாவட்டத்திலே பிறந்து வளர்ந்த எனக்கு இக்கதைகள் தாலாட்டோடு வந்தவை. இவற்றுள் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை நகரிலே பழைய ஆங்கிலேயக் கோட்டை ஒன்று இருந்ததை நம்மவர் பலர் அறிவர். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தின்மீது படையெடுத்தபோது, கண்டிக்கும் திருகோணமலைக்கும் இடையிலுள்ள வழியைக் காப்பதற்காக அங்கே ஒரு காவலரண் அமைத்தனர். தம் சேனாதிபதி மக்டவல் என்பவரின் பெயரையே அதற்கு இட்டனர். அவ்வாண்டு யூன் மாதத்திலே கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அதன்பின் மக்டவல் கோட்டையில் இருந்தவர்களும் அதனைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கிப் பின்வாங்கினர். இன்று அங்கே எஞ்சி நிற்பவை கோட்டை வாயிலும் மதிலின் சில பகுதிகளுமே. கோட்டைக்குள் இருப்பது மயானம்.

நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே இக்கோட்டையைப் பற்றி ஒரு கதை வழங்கிற்று. ஓடிப்போன வெள்ளைக்காரர்கள் சிப்பாய்களின் சம்பளப் பெட்டியைச் சுமக்க இயலாமல், அதனைச் சவப்பெட்டிபோலச் சோடித்துப் புதைத்து, மேலே ஒரு சிலுவையும் நாட்டிவிட்டுச் சென்றனராம். இதனை எழுதிவைத்த நூல் எதுவும் இல்லை. பையன்களின் வாயே அதற்குச் சான்று. எனினும் ஒரு சனிக்கிழமை நானும் நண்பர் இருவரும் அங்கே சென்று, எந்தக் கல்லறை மற்றவற்றினும் பெரிதென்று அளந்துகொண்டு நின்றோம். புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் எண்ணத்தை அறிந்துகொண்டார். “தம்பிமாரே, காசு இருந்தவன் எவனாவது ஊரை விட்டுக் கடல் தாண்டிச் சாக வருவானா?” என்று சிரித்தார். அன்று நாங்கள் வெட்கப்பட்டுத் திரும்பினோம். அவர் கேட்ட கேள்வி மாத்திரம் என்னோடு வந்துவிட்டது.

இத்தகைய கதைகள் ஏன் பிறக்கின்றன? வங்கியும் இரும்புப் பெட்டியும் இல்லாத காலத்திலே மண்தான் மக்களின் பெட்டகமாக இருந்தது. படை வருகின்றது என்ற செய்தி கேட்டவன் தன் காசையும் நகையையும் குடத்திலிட்டுப் புதைத்துவிட்டு ஓடுவான். அவன் திரும்பி வராவிட்டால் அது புதையலாகும். இது முதலாவது காரணம். பெரிய தூபிகளின் கருவறையிலே விலையுயர்ந்த பொருள்களை வைத்து மூடும் வழக்கம் நம் தீவில் இருந்தது. 1215ஆம் ஆண்டில் வந்த கலிங்க மாகனின் படையினர் தூபிகளை உடைத்துச் சூறையாடினர் எனச் சூளவம்சம் குற்றஞ் சாட்டுகின்றது. இது இரண்டாவது. பண்டை மக்கள் இறந்தவரோடு பாண்டமும் ஆயுதமும் அணியும் வைத்து அடக்கஞ் செய்தமை மூன்றாவது. ஆகவே புதையற் கதைகள் முழுவதும் பொய்யல்ல. மெய்யாகிய ஒரு விதையிலிருந்து முளைத்து, ஆசையாகிய நீரைக் குடித்து வளர்ந்த மரம் என்று அவற்றைச் சொல்லலாம்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்து தேசத்து மன்னர்கள் தம் உடலையும் செல்வத்தையும் காப்பதற்காக மலையைக் குடைந்தனர். அவற்றைத் திருடியவர்களை விசாரித்த வழக்குகளின் ஏடுகள் இன்றும் உள்ளன. அவை ஏறக்குறைய 3,100 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1922ஆம் ஆண்டில் ஹவார்ட் கார்ட்டர் என்பவர் துத்தன்காமன் என்னும் இளமன்னனின் கல்லறையைத் திறந்தபோது உலகமே வியந்தது. அங்கே பொன் இருந்தது வியப்பன்று. அத்தனை நூற்றாண்டுகளாக அதனிற் பெரும்பகுதி கொள்ளை போகாமல் இருந்ததே வியப்பு.

தமிழகத்திலே தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டினார். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரியா விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பெருந்தொகையாக வெளிவந்தன. அவற்றோடு நெற்றியிற் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள் சிலவும் கிடைத்தன. தாழிகளோ பல, பொற்பட்டங்களோ சில. ஆனால் ஊர்வாய் எதைப் பற்றிப் பேசும்? ஓட்டைப் பற்றியும் எலும்பைப் பற்றியுமா பேசும்? பொன்னைப் பற்றித்தான் பேசும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தம்புள்ளைக் குகைக் கோயிலிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவிலே இப்பன்கட்டுவ என்னும் குளம் உள்ளது. அதன் அருகே காட்டினுள் கிடந்த ஈமக்காடு ஒன்றைத் தொல்பொருள் திணைக்களத்தினர் 1970ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 1980களிலும் பின்னர் 2015ஆம் ஆண்டிலும் அங்கே அகழ்வாராய்ச்சிகள் நடைபெற்றன. ஏறக்குறைய 42 தொகுதிகள், தொகுதிக்குப் பத்தளவில் கல்லறைகள் என்று அவ்விடத்தைக் கணித்துள்ளனர். கரித்துண்டுகளைச் சோதித்து அவர்கள் கண்ட காலம் கி.மு. 700 முதல் கி.மு. 450 வரையாகும். சிகிரியாக் குன்றின்மேல் காசியப்பன் மாளிகை எழுப்புவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணிலே மக்கள் வாழ்ந்து, தம் இறந்தோரை அன்போடு அடக்கஞ் செய்தனர் என்பது இதனாற் புலனாகின்றது.

பல்கலைக்கழகத்திற் சேர்ந்த ஆண்டிலே நான் அவ்விடத்தைச் சென்று பார்த்தேன். நான்கு கற்பலகைகளை நிறுத்தி ஒரு பெட்டிபோலாக்கி, மேலே ஒரு பலகையால் மூடியிருக்கின்றனர். உள்ளே தாழிகள், தாழியிலே எரித்த உடலின் சாம்பலும் எலும்புத் துண்டுகளும், சுற்றிலும் மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், கழுத்தணியாகக் கோத்த மணிகள். எல்லாக் கல்லறைகளிலும் அணிகள் இல்லை. உடையவனும் இல்லாதவனும் அக்காலத்திலும் இருந்தனர் போலும். அம்மணிகளுள் செந்நிறமான சூதுபவளம் உண்டு. அக்கல் நம் தீவில் இயற்கையாகக் கிடைப்பதன்று. இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. கடல் கடந்து, கானகம் கடந்து, கைமாறிக் கைமாறி வந்த ஒரு சிறு மணியை, இங்கிருந்த ஒருவர் தம் உறவினரின் சாம்பலோடு வைத்து மூடினார். அதனை நினைத்தபோது என் கால்கள் சற்று நேரம் நகர மறுத்தன.

இவ்வழக்கம் தமிழ் இலக்கியம் பயின்றோருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 256ஆம் பாடலிலே கணவனை இழந்த ஒருத்தி, தாழி வனையும் குயவனை விளித்து, தனக்கும் இடம் இருக்கும்படி அதனை அகலமாகச் செய் என்று வேண்டுகின்றாள். மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிச் சொல்லுமிடத்து, இறந்தாரைச் சுடுவதும், இடுவதும், குழியிற் புதைப்பதும், அறையில் அடைப்பதும், தாழியாற் கவிப்பதுமாகிய ஐந்து முறைகள் கூறப்படுகின்றன. இப்பன்கட்டுவத்து மக்கள் எந்த மொழி பேசினர், யாருடைய முன்னோர் என்று இன்று சண்டையிடுவதிற் பயனில்லை. அவர்கள் அங்கே தம் பெயரை எழுதி வைக்கவில்லை. தென்னிந்தியாவிலும் நம் தீவிலும் ஒரே விதமான ஈமமுறை பரவியிருந்தது என்பதே கண்கூடு. குயவனிடம் அகன்ற தாழி கேட்டவளின் துயரம் இரு கரையிலும் ஒன்றே.

ஈண்டு என் குடும்பத்துக் கதையொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா இளைஞராயிருந்த காலத்திலே, தோட்டத்து வேலை குறைந்த ஒரு பருவத்தில், தம்புள்ளைப் பக்கம் காடு வெட்டும் கூலிவேலைக்குச் சென்றார். வேர் கிளப்பும்போது பலகைக் கல் ஒன்று தட்டுப்பட்டது. அதனைப் புரட்டியதும் பெரிய பானையின் வாய் தெரிந்தது. உடனே வேலை நின்றது. பூதம் காக்கும் புதையல் என்று ஒருவர். தேங்காய் உடைத்துத்தான் தொட வேண்டும் என்று மற்றொருவர். இரவு வரை காத்திருந்து, சூடம் கொளுத்தி, பானையை உடைத்தனர். உள்ளே இருந்தவை சாம்பலும் எலும்பும் சில சிவப்புக் கற்களுமே. ஏமாற்றத்தால் பானையை நொறுக்கி, சாம்பலைக் காற்றிலே தூவி, குழியை மூடிவிட்டனர். கற்களைப் பங்கிட்டுக்கொண்டனர். தாத்தாவுக்குக் கிடைத்தது ஒன்று. நடுவிலே துளை இருந்தபடியால் அதனைக் கறுப்பு நூலிற் கோத்துக் குழந்தையாயிருந்த என் தாயாரின் அரையிலே கட்டினார். அது எப்பொழுதோ தொலைந்துபோயிற்று.

இப்பன்கட்டுவத்திற் கிடைத்த மணிகளின் படத்தை நான் வீட்டிற்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தாத்தா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். “இதேதாம்பா... இதே சிவப்பு. அது யாரோட புள்ளைக்குக் கட்டினதோ, நாங்க எடுத்து எங்க புள்ளைக்குக் கட்டிட்டோம்” என்றார். அதன்பின் அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை.

அறியாமையாற் செய்த பிழைக்கு அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் அந்த இரவிலே அழிந்தது எது என்பதை நாம் அறிதல் வேண்டும். அழிந்தது ஒரு பானை மாத்திரமன்று. தாழியோடு கிடக்கும் கரித்துண்டு ஒன்று போதும், அக்காலத்தைக் கணிக்கலாம். உயிரோடிருந்த பொருள்களிலுள்ள ஒரு வகைக் கரிமம் ஏறக்குறைய 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறைகின்றது. இதனைக் கொண்டு காலத்தை அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி லிபியும் அவருடைய குழுவினரும் 1949ஆம் ஆண்டையொட்டி வகுத்தனர். எலும்பைக் கொண்டு இறந்தவர் சிறியவரா பெரியவரா என்று அறிய முயலலாம். எந்தப் பாண்டத்தின் அருகே எந்த மணி கிடந்தது என்பதைக் கொண்டு அச்சமுதாயத்தின் பழக்கத்தை உணரலாம். ஆனால் எல்லாம் கிடந்தபடியே கிடந்தாற்றான் இவை பேசும். கலைத்துவிட்டால் மணி ஊமையாகின்றது. கடைத்தெருவில் விலைபேசும் பழைய மணிக்கு நிறம் உண்டு, வரலாறு இல்லை.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கே பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றை ஆராய்ந்தபோது சிறிய முத்திரை ஒன்று கிடைத்தது. மோதிரத்திற் பதித்திருந்த அம்முத்திரையிலே குறியீடுகளும் பிராமி எழுத்துக்களும் இருந்தன. ஈழத்தின் பண்டை வரலாற்றைப் பற்றிப் பேசும் அறிஞர் எவரும் இன்று அதனை விட்டுப் பேசுவதில்லை. புதையல் தேடிச் சென்ற ஒருவன் கையில் அது அகப்பட்டிருந்தால், பொன்னல்ல என்று கண்டதும் புதரிலே எறிந்திருப்பான். அவன் எறிந்தது இன்னதென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரிந்திராது.

இந்த நோய் தீர்ந்துவிடவில்லை. புதையல் தோண்டியவர்கள் பிடிபட்டனர் என்ற செய்தியைப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். முன்னே மண்வெட்டி, இன்றோ இயந்திரம். மை போட்டுப் பார்ப்பவரும், மந்திரித்த தகடு விற்பவரும், பலி வேண்டும் என்று பயமுறுத்துபவரும் இத்தொழிலிலே பங்காளிகள். புதையல் கிடைக்கின்றதோ இல்லையோ, இவர்களுக்குத் தட்சணை மாத்திரம் தவறாமற் கிடைக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தினுள் கண்டுபிடிக்கப்படாமற் கிடக்கும் தொல்பொருள்கள் அரசுக்கு உரியவை. அனுமதிப் பத்திரமின்றி அவற்றைத் தேடித் தோண்டுவது குற்றம். சட்டத்துக்கு அஞ்சி விலகுவதும் நன்றே. ஆனால் பொருளை உணர்ந்து விலகுவதே வாலிபருக்கு அழகு.

மிஷன் பாடசாலையிலே வேதாகம வகுப்பில் கேட்ட உவமையொன்று எனக்கு நினைவு வருகின்றது. நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தை ஒருவன் கண்டான். அதனை அள்ளிக்கொண்டு ஓடவில்லை. மறுபடியும் மூடி வைத்துவிட்டு, தனக்குள்ளதையெல்லாம் விற்று, அந்த நிலத்தையே வாங்கினான். பரலோக இராச்சியத்தைப் பற்றிச் சொன்ன உவமை அது. ஆயினும் வரலாற்று மாணவனாகிய எனக்கு அதில் இன்னொரு பாடமும் தோன்றுகின்றது. கள்வனுக்கு வேண்டியது பொக்கிஷம் மாத்திரம். ஆராய்ச்சியாளனுக்கு வேண்டியது பொக்கிஷம் கிடந்த நிலம் முழுவதும்.

செல்வம் எது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே பழைய கதையொன்று உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னனை அவன் மகன் காசியப்பன் சிறையிலிட்டான். மறைத்து வைத்த செல்வத்தைக் காட்டும்படி நெருக்கினான். கலாவெவ என்னும் பெருங்குளத்துக்குத் தன்னை அழைத்துச் செல்லும்படி தந்தை கேட்டான். தான் கட்டுவித்த அந்தக் குளத்தில் இறங்கி நீராடி, இதுவே என் செல்வம் முழுவதும் என்று சொன்னானாம். பொன்னை எதிர்பார்த்த மகன் தந்தையைக் கொல்லச் செய்தான் என்கின்றது சூளவம்சம். இப்பன்கட்டுவக் குளத்தருகே ஓடும் தம்புளு ஓயாவின் நீர் சென்று சேருமிடம் அந்தக் கலாவெவவே. காசியப்பன் தேடிய பொன்னைக் கண்டவர் இல்லை. தாதுசேனன் காட்டிய நீர் இன்றும் வயலுக்குப் பாய்கின்றது.

இறுதியாக ஒன்று. இந்தத் தம்புள்ளை வழியேதான் நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் நடந்து வந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுப் பாதையிலே நாட்கணக்காக நடந்து மாத்தளையை அடைந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880ஆம் ஆண்டிற்றான். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் அப்பாதையோரத்தில் மாண்டனர். தப்பி வந்தவர்கள் கும்பிட்டு நின்ற தெய்வம் மாத்தளை முத்துமாரியம்மன். மாசிமகத் தேரிலே நாம் பிடிக்கும் வடத்தில் அவர்கள் கண்ணீரும் முறுக்கேறியிருக்கின்றது.

பாதையோரத்தில் மாண்டவர்களுக்குக் கற்பலகை நிறுத்தியவர் யார்? தாழி வனைந்தவர் யார்? மணி கோத்து வைத்தவர் யார்? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்குக் கிடைத்த மரியாதை, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இறந்த நம்மவருக்குக் கிடைக்கவில்லை. கோட்டை மயானத்து முதியவர் கேட்ட கேள்வியின் பொருள் இப்பொழுது எனக்கு நன்றாக விளங்குகின்றது. காசு இல்லாதவர்கள்தாம் கடல் தாண்டி வந்து இறந்தனர். அவர்கள் குழிகளைத் தோண்ட எந்தப் புதையற்காரனும் வரமாட்டான். அங்கே பொன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அங்கே பெயர்கள் இருக்கின்றன.

வாலிப நண்பர்களே! அந்தப் பெயர்களே நாம் தேட வேண்டிய புதையல். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள முதியவரிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் யாரோடு வந்தோம், வழியிலே யாரை விட்டு வந்தோம் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலை செய்யும் இடத்திலே பழம்பானையோ பலகைக் கல்லோ தட்டுப்பட்டால், கை வைக்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இதற்கு மையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், பலியும் வேண்டாம்.

என் தாத்தாவின் கதையை நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். முதற் பக்கத்திலே அவர் எழுதச் சொன்னது தம் பெயரையன்று. மன்னார்ப் பாதையிலே மாண்டுபோன தம் பாட்டனாரின் தங்கையின் பெயரை முதலில் எழுதச் சொன்னார். அப்பெயரை அதற்கு முன் எங்கள் வீட்டில் எவரும் எழுதியதில்லை.